இறங்காமல் ஒரு மணி நேரம்

அக்கா, இந்த ஜன்னல் சீட்டில் நான் உட்காரட்டுமா? நீங்கள் இந்தப் பக்கம் வந்துவிடுங்கள். காற்றுக்காகக் கேட்கவில்லை. நான் எழுந்து போகவேண்டும் என்றால் உங்களைத் தாண்டித்தான் போகவேண்டும், அதற்காகக் கேட்கிறேன். வழி விடாதீர்கள். நானே கெஞ்சினாலும் விடாதீர்கள். ஒரு மணி நேரம்தான். இப்போது எட்டு பத்து. ஒன்பது பத்து வரை.

பயப்படாதீர்கள். நான் போலீசுக்குத் தப்பி ஓடுகிற ஆள் இல்லை. சற்று முன் பஸ் நின்றதே, அந்த ஓட்டலில் இட்லி சாப்பிட்டேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

எல்லோரும்தான் சாப்பிட்டார்கள். கண்டக்டர் பொங்கலும் வடையும் சாப்பிட்டார். இப்போது நிம்மதியாகப் பல் குத்திக்கொண்டிருக்கிறார், பாருங்கள். எனக்கு அந்த நிம்மதி கிடையாது. சாப்பிட்டு முடித்ததும் எனக்குள் ஒரு வாத்தியார் பிரம்போடு எழுந்து நிற்பார். 'தப்புப் பண்ணிவிட்டாய், போய்ச் சரிசெய்' என்பார். சரிசெய்வது என்றால், சாப்பிட்டதை வயிற்றில் தங்க விடாமல் செய்வது. அந்த வாத்தியார் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் இந்த நிலைமைக்கு வந்தேன். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் தனியாக இருக்கக்கூடாது என்று மதுரை டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வாள். இன்றைக்கு அவளுக்கு இருமல். 'நான் தனியாப் போயிட்டு வாரேம்மா, நான் என்ன சின்னப் பிள்ளையா' என்று வீராப்பாகக் கிளம்பி வந்துவிட்டேன். பஸ் பாளையங்கோட்டையைத் தாண்டும் முன்பே கீரை ஞாபகம் வந்துவிட்டது.

மூன்று வாரமாக ஒரு நாளும் தவறவில்லை. இன்றைக்குத் தவறினால் மதுரையில் கேட்பார்கள். நான் பொய் சொல்வேன். அந்தப் பொய்யைக் காப்பாற்ற நாளைக்கு ஒரு பொய். பிறகு எல்லாம் பழையபடி ஆரம்பித்துவிடும். என்னை எனக்குத் தெரியும். அதனால் ஒன்பது பத்து வரை நான் பேசிக்கொண்டே இருக்கப்போகிறேன். நீங்கள் சும்மா தலையை ஆட்டினால் போதும்.

என் பெயர் இசக்கியம்மாள். இசக்கியம்மன் கோபக்காரி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

எனக்கு இரண்டு நோய். ஒன்று கேட்டுப் போன இடத்தில் இன்னொன்றையும் சேர்த்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். ஒன்று இந்தச் சாப்பாட்டுக் கோளாறு. இன்னொன்றுக்கு எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்று பெயர். டாக்டர் அதைச் சொன்னதும், "எல்லைக்கோடா? பட்டாளத்துல சேக்கப் போறீயளா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். நான் எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வார்.

அது எப்படி இருக்கும் என்றால், உங்களுக்குக் கோபம் வருகிறது என்று வையுங்கள். ஒரு டம்ளர் அளவு வரும். எனக்குக் குடத்தோடு கவிழும். பிரியமும் அப்படித்தான். ஒருவரைப் பிடித்துவிட்டால் அவர் சாமி. அந்தச் சாமி ஒரு நாள் 'அப்புறம் பேசுறேன்' என்று போனை வைத்துவிட்டால் பேய். நடுவில் மனிதர்கள் என்று ஒரு வகை இருக்கிறதாம். போன மாதம்தான் மதுரையில் சொல்லிக்கொடுத்தார்கள்.

மனதுக்குள் கவிழ்ந்ததும் கை சும்மா இருக்காது. ஏதாவது செய்தாக வேண்டும். உடனே செய்தாக வேண்டும். சித்தி மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள், மருதாணி வைக்க என்னைக் கூப்பிடவில்லை என்று கத்தரிக்கோலை எடுத்து என் முடியை நானே வெட்டினேன். அவள் முடியை வெட்டியிருந்தால்கூட ஒரு அர்த்தம் இருந்திருக்கும். கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் நான் கோழி கொத்திவிட்ட தலையோடு நிற்கிறேன். இன்னொரு முறை மாமாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கண்மண் தெரியாமல் ஓட்டி வாய்க்காலில் இறங்கினேன். தூக்கிவிட ஓடி வந்தவரிடம், "ஒங்கள யாரு கூப்பிட்டா?" என்று சண்டை. அவர் தூக்கினவர் திரும்ப விட்டுவிட்டார்.

என் கையைப் பார்க்கிறீர்கள். அது வேறு கதை அக்கா. அதைச் சொல்ல இன்னொரு பஸ் வேண்டும்.

உங்களிடம் பேசினால் மனசு எவ்வளவு லேசாக இருக்கிறது! உண்மையாகச் சொல்கிறேன், என்னை இந்த அளவுக்குப் புரிந்துகொண்டவர்கள் யாரும் கிடையாது. நாம் சந்தித்து ஆறு நிமிஷம்தான் ஆகிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

எஸ்தர் டாக்டரம்மாவைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லவேண்டும். என் மனக்குறை முழுக்க அவர்மேல்தான்.

பாளையங்கோட்டையில் பல் டாக்டர். நான் அவரிடம் இரண்டு வருஷம் உதவியாளராக இருந்தேன். காலையில் போய்ச் சாமான்களைக் கொதிக்கவைத்து எடுக்கவேண்டும். டாக்டரம்மா கையை நீட்டினால், எது வேண்டும் என்று கேட்காமலே எடுத்துக் கொடுக்கவேண்டும். நோயாளி வாயில் எச்சில் உறிஞ்சுகிற குழாயைப் பிடித்துக்கொள்ளவேண்டும். அப்புறம், வாசல் கவுண்டரில் உட்கார்ந்து யார் யாருக்கு எப்போது நேரம் என்று ஒரு நோட்டில் எழுதி, முந்தின நாளே ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு நினைவுபடுத்தவேண்டும். அதில் நான் கெட்டிக்காரி. என் குரலைக் கேட்டாலே பாதிப் பேருக்குப் பல்வலி குறைந்துவிடும் என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார்.

சொல்லவும் வேண்டுமா? அவர்தான் என் சாமி. அவர் கட்டுகிற மாதிரி சேலை, அவர் சிரிக்கிற மாதிரி சிரிப்பு. அவர் சர்ச்சுக்குப் போவார் என்று நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பின்பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அம்மா மட்டும், "என்னட்டி, சாமிய மாத்திட்டியா?" என்றாள். மாற்றவில்லை, ஒன்று கூடச் சேர்ந்தது என்றேன்.

எங்கள் கிளினிக்கில் ஒரு வேடிக்கை உண்டு. வலி குறைந்த நோயாளிகள் டாக்டரம்மாவுக்கு நன்றி சொல்ல அல்வா கொண்டு வருவார்கள். திருநெல்வேலிக்காரர்களுக்கு நன்றி சொல்ல வேறு வழி தெரியாது. பல் டாக்டருக்கு அல்வா! டாக்டரம்மா இனிப்புத் தொடமாட்டார். "இசக்கி, அக்கம்பக்கத்துக்குக் குடுத்துரு" என்று சொல்லிவிடுவார். நான் அலமாரியில் வைத்துப் பூட்டுவேன். அக்கம்பக்கத்துக்கு ஒரு துண்டும் போனது கிடையாது. அவர் மதியம் வீட்டுக்குச் சாப்பிடப் போவார். கிளினிக்கில் நானும் அலமாரியும் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் 'எனக்குப் பசியே இல்லை டாக்டரம்மா' என்று சொல்கிறவள், அந்த அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டே, ருசிகூடத் தெரியாமல், யாரோ துரத்துகிற மாதிரி தின்பேன். அப்புறம் வாத்தியார் பிரம்போடு வருவார். அப்புறம் முகம் கழுவி, பவுடர் போட்டு, நாலு மணிக்குக் கதவைத் திறந்து, 'வாங்க, உக்காருங்க' என்று சிரிப்பேன். எவ்வளவு சாமர்த்தியம், பாருங்கள். ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மறைத்ததும் யாரிடம்? பல் டாக்டரிடம்!

சாத்தூர் வந்துவிட்டது. அக்கா, காலை மடக்காதீர்கள், அப்படியே நீட்டி வையுங்கள். பஸ் நிற்கிற இடமெல்லாம் எனக்குக் கண்டம். அதோ அந்தப் பக்கம் கட்டணக் கழிப்பிடம் என்று எவ்வளவு பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்! ஊர்ப் பெயரைக்கூட இவ்வளவு பெரிதாக எழுதவில்லை. நான் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே சேவுக்காரர் நிற்கிறார். "சேவு, சேவு, சாத்தூர்ச் சேவு! ஏ தாயி, சூடா இருக்கு!" வேண்டாம் அண்ணாச்சி. சொன்னால் கேளுங்கள் அண்ணாச்சி. என் முகத்தில் என்னதான் எழுதியிருக்கிறதோ, ஒரு பஸ் ஆளை விட்டுவிட்டு நேராக என்னிடம் வருகிறார்.

கிளம்பிவிட்டது. மணி என்ன? எட்டு முப்பத்தைந்தா? பாதிகூட ஆகவில்லையா?

பொங்குகிறது அக்கா. பால் பொங்குகிற மாதிரி. அடுப்பை யாரும் அணைக்கவேண்டாம், ஊதவும் வேண்டாம். பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தால் போதும், தானாக இறங்கிவிடும் என்று மதுரையில் சொன்னார்கள். சரி, நீங்கள் நில்லுங்கள். அதாவது, உட்காருங்கள்.

ஒரு நாள் எனக்கே பல்வலி வந்துவிட்டது. பொறுத்துப் பார்த்தேன். டாக்டரம்மா கவனித்துவிட்டார். "நோயாளிக்கெல்லாம் நாற்காலி, ஒனக்கு மட்டும் கெடையாதா? உக்காரு" என்று உட்காரவைத்தார். விளக்கைப் போட்டார். சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு முன்பற்களின் பின்பக்கத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வயிற்றுப் புளிப்பு மேலே வந்து வந்துதான் அந்தப் பின்பக்கம் தேயும் என்று பல் டாக்டர்களுக்குப் படிக்கும்போதே சொல்லிக்கொடுப்பார்களாம். எனக்கு யாரும் சொல்லவில்லை.

"எத்தன நாளா இசக்கி?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார்.

அவர் விரல் என் வாய்க்குள் இருக்கிறது. நான் என்ன பதில் சொல்ல? "ஆ" என்றேன்.

"நான் திட்டல. இது வயித்துப் பிரச்சன இல்ல, மனசு சம்பந்தப்பட்டது. மதுரையில எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காங்க. வியாழக்கிழமை கிளினிக்கைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் போவோம். நானும் கூட வாரேன்" என்று ஒரு சீட்டில் நம்பரை எழுதிக் கொடுத்தார். அப்புறம் ஒரு வார்த்தை சொன்னார். "ஒனக்குக் கொஞ்ச நாள் ஓய்வு வேணும்னா, கவுண்டரப் பாத்துக்க வேற ஆள ஏற்பாடு பண்ணிக்கிடலாம்."

வேற ஆள்!

நீங்களே சொல்லுங்கள் அக்கா. இரண்டு வருஷம் உழைத்தவளிடம் சொல்கிற வார்த்தையா அது? கூட வருகிறேன், கிளினிக்கையே பூட்டுகிறேன் என்றெல்லாம் சொன்னாரே, அதெல்லாம் என் காதில் விழவில்லை. இரண்டே வார்த்தைதான் விழுந்தது. வேற ஆள். குடம் கவிழ்ந்துவிட்டது.

"சரிங்க டாக்டரம்மா" என்று சிரித்தேன். அவர் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனார். நான் நோட்டை எடுத்தேன். அன்று சாயங்காலமும் அதற்கடுத்த நாட்களிலும் நேரம் வாங்கியிருந்தவர்கள் பதினான்கு பேர். ஒவ்வொருவருக்காகப் போன் போட்டேன். 'கிளினிக் லீவு' என்று சொல்லி எல்லோரையும் வராமல் செய்யவேண்டும், காலியாகக் கிடக்கிற நாற்காலிகளைப் பார்த்து அவர் என் அருமையைத் தெரிந்துகொள்ளவேண்டும். திட்டம் அவ்வளவுதான். சின்னத் திட்டம்.

இரண்டு பேர் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டார்கள். மூன்றாவது ஒரு கணக்கு டீச்சர். ஓய்வு பெற்றவர். கேள்வி கேட்பதிலிருந்து மட்டும் ஓய்வு பெறவில்லை. "லீவா? ஏன் லீவு? எத்தன நாள்? டாக்டருக்கு ஒடம்பு சரியில்லையா? என்ன ஒடம்புக்கு?" என்று கேட்டுக்கொண்டே போனார். என் வாயிலிருந்து அது தானாக வந்தது.

"டாக்டரம்மா இறந்துட்டாங்க டீச்சர்."

சொன்ன பிறகு என்ன செய்யமுடியும்? ஒருவரிடம் இறந்துவிட்டார் என்றும் மற்றவர்களிடம் லீவு என்றும் சொன்னால் குழப்பம் வரும் இல்லையா? வேலை என்றால் ஒரு ஒழுங்கு வேண்டும். மிச்சம் பதினொரு பேரிடமும் அதையே சொன்னேன். முதல் இரண்டு பேரையும் திரும்பக் கூப்பிட்டுத் திருத்தினேன். "அடக்கம் எப்பம்மா?" என்றவர்களிடம், "நேரம் பின்னால தெரிவிப்போம்" என்றேன். எல்லாவற்றையும் நோட்டில் டிக் செய்து, மேசையைத் துடைத்து, சாவியைப் பக்கத்து மருந்துக்கடையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

சிரியுங்கள், பரவாயில்லை. இனிமேல்தான் சிரிப்பு இருக்கிறது.

அந்தப் பதினான்கு பேரில் ஒருவர் பாக்கியமுத்து அண்ணாச்சி. பல்செட்டுக்கு அளவு கொடுத்திருந்தார். அவருக்கு வேலை என்ன தெரியுமா? டாக்டரம்மா போகிற அதே சர்ச்சில் மணி அடிப்பது. சபையில் யார் இறந்தாலும் துக்க மணி அடிக்கவேண்டும். அண்ணாச்சி கடமை தவறாதவர். போனை வைத்தார், அழுதுகொண்டே போனார், கயிற்றைப் பிடித்தார்.

சர்ச்சுக்கு இரண்டாவது தெருவில் டாக்டரம்மா வீடு. சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். மணி ஒவ்வொன்றாக விட்டுவிட்டு அடிக்கிறது. "யாரோ பாவம்" என்று தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, துக்கப்படுகிற அந்தக் குடும்பத்துக்கு ஆறுதல் கிடைக்கவேண்டும் என்று கண்ணை மூடி ஜெபம் பண்ணினாராம்.

ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தால் வாசலில் கணக்கு டீச்சர், கையில் ரோஜாப்பூ மாலையோடு. டீச்சர் கத்தின கத்தலில் தெரு கூடிவிட்டது. சாயங்காலத்துக்குள் ஆறு மாலை வந்துவிட்டதாம். உயிரோடு இருக்கிற மனுஷிக்கு ஆறு மாலை! மந்திரிக்குக்கூட அவ்வளவு கிடைக்காது.

நல்லவேளை, அக்கா, நீங்கள் சிரிக்கிறீர்கள். பால் கொஞ்சம் இறங்கிவிட்டது.

இப்போது என் குறைக்கு வருகிறேன். இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. ஏழு மாதத்தில் அந்த டாக்டரம்மா எனக்கு ஒரு போன் போடவில்லை. நான் செய்தது தப்புத்தான். ஆனால் இரண்டு வருஷம் கூடவே இருந்த ஒருத்தி என்ன ஆனாள், இருக்கிறாளா செத்தாளா என்று கேட்கவேண்டாமா? திட்டுவதற்காகவாவது கூப்பிடலாம் இல்லையா? 'சனியனே' என்று ஒரு வார்த்தை. அதுகூட இல்லை. அவ்வளவுதான் பாசம். நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன், ஒரு நாள் இல்லை ஏழு மாதம். அவருடைய வீட்டு நம்பர், கிளினிக் நம்பர், கைப்பேசி நம்பர் மூன்றையும் என் போனில் வரவிடாமல் தடுத்து வைத்திருக்கிறேன், அது வேறு விஷயம்.

ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? தடுத்து வைத்திருந்தால் என்ன? மனசு இருந்தால் வேறு வழியில் கூப்பிடமாட்டாரா?

வீட்டுக்கு ஆள் அனுப்பினார். இரண்டு முறை. நான் உள்ளே படுத்துக்கொண்டு, 'ஊருல இல்லன்னு சொல்லும்மா' என்று சொல்லிவிட்டேன். ஆள் அனுப்புவதும் போன் போடுவதும் ஒன்றா?

அந்த நாலைந்து மாதம் எப்படிப் போனது என்று சொன்னால் உங்களுக்கு அலுத்துவிடும். சாப்பிடமாட்டேன், சாப்பிடமாட்டேன், திடீரென்று வீட்டில் இருப்பதையெல்லாம் சாப்பிடுவேன். பிறகு வாத்தியார். அம்மா சமையல்கட்டைப் பூட்டிப் பார்த்தாள், திறந்துவிட்டுப் பார்த்தாள், அழுது பார்த்தாள், கோடாங்கியிடம் கூட்டிப்போய்க் குறி கேட்டுப் பார்த்தாள். கோடாங்கி, "இவ மேல ஒரு கன்னி இருக்கா, அவளுக்குப் பால்பாயசம் படைக்கணும்" என்றார். பாயசத்தைக் கன்னி தொடவில்லை. பானையோடு நான்தான் தின்றேன். கடைசியில் ரேஷன் கடை வரிசையில் மயங்கி விழுந்தேன். விழுந்ததிலும் ஒரு மரியாதை இல்லை, சர்க்கரை மூட்டைமேல் விழுந்தேன். 'என்ன தின்னும் ஆசை தீரலையா' என்று சர்க்கரையே கேட்கிற மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பைக்குள் கையை விட்டேன். டாக்டரம்மா எழுதிக்கொடுத்த சீட்டு கசங்கிக் கிடந்தது. கிழித்துப் போட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மதுரைக்குப் போன் செய்தேன். பேரைச் சொன்னதும் போனை எடுத்த பெண், "பாளையங்கோட்டை இசக்கியம்மாளா? உங்க பேர்ல ஏற்கெனவே சொல்லி வெச்சிருக்காங்களே. நீங்க எப்ப கூப்பிட்டாலும் அந்த வாரமே நேரம் குடுக்கணும்னு ஒரு டாக்டர் மேடம் மாசாமாசம் போன் பண்ணுவாங்க" என்றாள்.

பார்த்தீர்களா? மதுரை வரைக்கும் என்னைப் பற்றிக் கோள் சொல்லி வைத்திருக்கிறார்.

என்ன? கோள் இல்லையா? அப்படியென்றால் என்ன அது?

போங்கள் அக்கா. நீங்களும் அவர் பக்கம்தானா? உங்களைப் போய் நம்பிச் சொன்னேனே. கேட்கிறபோது தலையைத் தலையை ஆட்டிவிட்டு இப்போது நியாயம் பேசுகிறீர்கள். எனக்கு யாரும் வேண்டாம். நீங்கள் உங்கள் போனைப் பாருங்கள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொள்கிறேன். வழி விடுங்கள், நான் முன்சீட்டுக்குப் போகிறேன். வழி விடுங்கள் என்கிறேன்.

விடமாட்டீர்களா?

மன்னித்துவிடுங்கள். மூன்று நிமிஷமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஒரே கருவேலங்காடு. பார்த்தீர்களா, இதுதான் அது. எட்டு பதினாறுக்கு நீங்கள் சாமி. எட்டு ஐம்பதுக்குப் பேய். இப்போது நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்காவாகத் தெரிகிறீர்கள். முப்பத்தெட்டா? தப்பு என்னுடையதுதான்.

ஒன்றை உங்களிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். மாலைக் கதையைச் சொல்கிறபோதெல்லாம் அதோடு நிறுத்திக்கொள்வேன். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், முடிந்துவிடும்.

போன மாதம் மார்க்கெட்டில் பாக்கியமுத்து அண்ணாச்சியைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. "ஏளா, நில்லு" என்றார். "முப்பது வருசமா மணி அடிக்கேன். உசுரோட இருக்குற பொம்பளைக்கு என்னய அடிக்க வெச்சிட்டியே" என்றார். நான் வழக்கம்போலச் சிரித்தேன். "சிரிக்காத. டாக்டரப் பெத்த அம்மா சாயர்புரத்துல இருக்காவ, தெரியுமா? மணி கேட்டு யாரோ போன் பண்ணிச் சொல்லிட்டான். எழுபத்தொம்பது வயசு. ஒத்தையில ரெண்டு பஸ் மாறி, வழியெல்லாம் நெஞ்சுல அடிச்சிக்கிட்டு வந்திருக்காவ. பாளை பஸ் ஸ்டாண்டுல எறங்கும்போது கண்ணு தெரியாம விழுந்து கை மணிக்கட்டு ஒடஞ்சு போச்சு. மவ ஓடி வந்து நிக்கா, அந்தம்மா நம்பமாட்டேங்காவ. ஒடஞ்ச கையால மவ மொகத்தத் தடவித் தடவிப் பாக்காவ" என்றார்.

அப்புறம் அண்ணாச்சி கத்தரிக்காயை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதில் எங்கே சிரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை அக்கா. எல்லாக் கதையிலும் எப்படியாவது ஒரு இடம் கிடைத்துவிடும். இதில் கிடைக்கவில்லை. மதுரை டாக்டரிடமும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் எழுதிக்கொள்வார்.

அவ்வளவுதான் கதை. மணி என்ன?

எட்டு ஐம்பத்தெட்டா?

கதை முடிந்துவிட்டதே. இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கிறதே. விருதுநகர் வேறு வருகிறது. டைம்கீப்பர் கையெழுத்துக்காக ஐந்து நிமிஷம் நிறுத்துவான். நான் என்ன பேச? எனக்கு வேறு கதை கிடையாது. ஐயோ, திரும்பப் பொங்குகிறது. அக்கா, வழி விடாதீர்கள். விட்டுவிடுங்கள். இல்லை, விடாதீர்கள்.

என்ன? நம்பரா? எதற்கு? வேண்டாம். உங்கள் போனிலிருந்தா? வேண்டாம் அக்கா, அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். தெரியாது. அதுதான் பயமே. என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டால்? வைத்துவிட்டால் நான் இங்கேயே இறங்கிவிடுவேன், சொல்லிவிட்டேன்.

சொல்கிறேன், சொல்கிறேன். கிளினிக் நம்பர் தூக்கத்திலும் வரும். போடுங்கள். டாக்டரம்மா எடுக்கமாட்டார். கவுண்டர் போன் அது. அந்த வேற ஆள்தான் எடுப்பாள். எடுத்தால் தவறான நம்பர் என்று வைத்துவிடலாம்.

மணி அடிக்கிறது. கொடுங்கள்.

"ஹலோ."

அக்கா, அவரேதான்.

"டாக்டரம்மா, நான்... நான் இசக்கி."

"..."

"ஆமா. பஸ்ல இருக்கேன். வேற ஒரு அக்கா போன் இது. மதுரைக்குத்தான். இல்ல, தனியாத்தான். இட்லி சாப்பிட்டேன். ஒம்பது பத்து வரைக்கும் எந்திரிக்கக் கூடாது, அதான்... இன்னும் பத்து நிமிசம் இருக்கு. பேசறதுக்கு ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. சும்மாதான் கூப்பிட்டேன்."

"..."

"கவுண்டர் போன நீங்க ஏன் எடுக்கிய? ஆள் வைக்கலியா?"

"..."

"ஏழு மாசமாவா?"

"..."

"நான் அழல. பஸ் சத்தம் அது."

"..."

"டாக்டரம்மா. ஒண்ணு கேக்கணும். ஒங்க அம்மாவுக்கு... அந்தக் கை இப்ப எப்படி இருக்கு? நல்லா மடக்க வருதா? எழுத, சாப்பிட எல்லாம்...?"

இல்லை அக்கா, விருதுநகர் வந்தால் வரட்டும். மணி எல்லாம் இப்போது சொல்லவேண்டாம். கொஞ்சம் பேசாமல் இருங்கள். அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.